கடற்கரை மணலா, ஆழ்கடல் சேறா? ஃபோராம் கூடுகளிலிருந்து பழைய கடல் வெப்பநிலையைக் கணக்கிடுவது

கேள்வி: முட்டம், சொத்தவிளை கடற்கரை மணலைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் கடுகைவிடச் சின்னதாகச் சுருள் சிப்பிகள் தெரிகின்றன. இவற்றை வைத்துப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் எவ்வளவு சூடாக இருந்தது என்று சொல்ல முடியும் என்கிறார்கள். அது எப்படி? நாகர்கோவிலில் எம்.எஸ்சி. படிக்கிறேன். நம் கடலை வைத்து இதை ஒரு திட்டக் கட்டுரையாகச் செய்ய முடியுமா?

பதில்: மணலை வைத்து முடியாது. சேற்றை வைத்து முடியும். அந்தச் சேறு கரையில் கிடைக்காது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஆளைக் குழப்புகிற இடம் அதுதான்.

அதற்கும் முன்னால் ஒரு சொல் பிரச்சினை. குளச்சல், கடியப்பட்டணம் பக்கம் சிப்பி என்றால் பாறையில் ஒட்டியிருப்பதை முங்கிப் பறித்து வந்து கறி வைக்கிற சிப்பிதான். இங்கே பேசுவது அதைப் பற்றி அல்ல. ஃபோராமினிஃபெரா என்பது ஒற்றைச் செல் உயிர். சுருக்கமாக ஃபோராம் என்பார்கள். தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பில் அறை அறையாகக் கூடு கட்டும். கூட்டின் குறுக்களவு பெரும்பாலும் கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர்தான். பொருள் என்னவோ சிப்பிச் சுண்ணாம்பு சுடுகிறோமே, அதே கால்சியம் கார்பனேட். ஆகவே இனி ‘கூடு’ என்றே சொல்கிறேன்.

நீங்கள் மணலில் பார்த்த சுருள்களில் பாதிக்கு மேல் குட்டி நத்தைகளாக இருக்கலாம். உடைத்துப் பார்த்தால் உள்ளே தடுப்புச்சுவர் இல்லாமல் ஒரே குழாயாக ஓடினால் நத்தை. அறைகளாகப் பிரிந்திருந்தால் ஃபோராம். ஃபோராமாகவே இருந்தாலும் கரை மணலில் கிடைப்பது தரையில் ஊர்ந்து வாழ்ந்த வகை. அது எப்போது செத்தது என்று தெரியாது. போன வருடத்துக் கூடும் ஐயாயிரம் ஆண்டுப் பழைய கூடும் ஒரே கைப்பிடி மணலில் கிடக்கும். கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் அலை கரையை அரித்துக்கொண்டு போய், பிறகு வேறிடத்து மணலைக் கொண்டுவந்து போடுவதை வருடாவருடம் பார்க்கிறோம். அடுக்கு குலைந்துவிட்டால் காலவரிசை போய்விட்டது. காலவரிசை போன கூட்டில் எதை அளந்தும் பயனில்லை.

‘சரி, கொஞ்சம் வெளியே போய் வெட்ஜ் பாங்கில் மண் எடுத்தால்?’ என்று அடுத்துத் தோன்றும். குமரி முனைக்குத் தெற்கே நம் படகுகள் போகிற அந்தத் திட்டு பெரும்பாலும் 100 மீட்டருக்கும் குறைந்த ஆழம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுக உச்சத்தில், கடல்மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. அதாவது அந்தத் திட்டின் பெரும்பகுதி அன்றைக்குத் தரை. பிறகு கடல் ஏறிவந்தபோது அலைகள் அதைப் புரட்டிப் போட்டன. பழைய கரை மணலும் புதுக் கூடுகளும் அங்கே கலந்து கிடக்கும். மீனுக்கு நல்ல இடம், வரலாற்றுக்கு ஆகாது.

வேண்டியது கண்டச் சரிவு. திட்டு முடிந்து கடல் சட்டென்று ஆழமாகிற பகுதியில், 1,000 மீட்டரிலிருந்து 2,500 மீட்டருக்குள், சேறு அமைதியாகப் படியும் ஒரு மேடு. 3,000 மீட்டரைத் தாண்டினால் வேறு தொல்லை: ஆழம் கூடக்கூடச் சுண்ணாம்பு கரைய ஆரம்பிக்கும். சரிவில் சேறு சரிந்து விழுந்த இடங்களும் உண்டு. அங்கே எடுத்தால் பழைய அடுக்கு புதியதன்மேல் ஏறியிருக்கும். அதனால் முதலில் எதிரொலிக் கருவியால் அடித்தளத்தின் அடுக்குகளைப் பார்த்து, கோடுகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகிற இடத்தில்தான் குழாயை இறக்குவார்கள். இது ஆய்வுக் கப்பல் வேலை, நம் விசைப்படகால் ஆகாது. எடையோடு இறங்கும் நீண்ட குழாய் பல மீட்டர் நீளத்துக்கு மண்தண்டு கொண்டுவரும். ஆனால் குத்துகிற வேகத்தில் மேல் சில சென்டிமீட்டர் சேறு சிதறிவிடும். இன்றைய நிலையோடு ஒப்பிட அந்த மேல்சேறு கட்டாயம் வேண்டும். அதற்குப் பல சிறு குழாய்களை மெதுவாக அழுத்தி எடுக்கும் இன்னொரு கருவி உண்டு. இரண்டும் ஒரே இடத்தில் எடுக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி எந்தக் கூடு என்பது. மேற்பரப்பு வெப்பநிலை வேண்டுமென்றால் மேலே மிதந்து வாழ்ந்து, செத்தபின் அடியில் விழுந்த வகை வேண்டும். நம் கடல்களில் அதற்குக் கைகண்டது குளோபிஜெரினாய்டிஸ் ரூபர். பெரும்பாலும் மேல் 50 மீட்டருக்குள் வாழும். கடைசிச் சுற்றில் மூன்று உருண்டை அறைகள். அறைகள் சந்திக்கும் கோட்டுக்கு நேர்மேலே வளைவான ஒரு வாய். திருப்பிப் போட்டால் பின்புறம் இரண்டு துணை வாய்கள். டிரைலோபேட்டஸ் சாக்குலிஃபர் இதன் பங்காளி மாதிரி. அதில் சில கூடுகளின் கடைசி அறை பை போல நீண்டிருக்கும். அந்தப் பை உள்ளவற்றை ஒதுக்குங்கள். இனப்பெருக்கத்துக்கு முன் ஆழத்துக்கு இறங்கும்போது அவை கூடுதல் சுண்ணாம்பு பூசிக்கொள்வதால் மேற்பரப்புக் கணக்கு கெடும். குளோபிஜெரினா புல்லாய்டிஸ் அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும் இடத்தில் பெருகும். வெப்பநிலைக்கு இல்லாவிட்டாலும் நீர் மேலேறியதா என்று பார்க்க அதை எண்ணி வையுங்கள். நியோகுளோபோகுவாட்ரினா டியூட்டர்ட்ரை கொஞ்சம் ஆழத்து ஆள்.

இப்போது அளவுக்கு வருவோம். கூட்டின் சுண்ணாம்பில் உள்ள ஆக்சிஜனில் பெரும்பகுதி 16 எடை கொண்டது, மிகச் சிறு பகுதி 18. நீர் குளிர்ந்திருந்தால் கூட்டில் 18-இன் பங்கு சற்றே கூடும். இப்படி இருக்க வேண்டும் என்று ஹெரால்டு யூரி 1947-இல் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த வேறுபாட்டை, மதிப்பு முன்பே தெரிந்த ஒரு நியமச் சுண்ணாம்போடு ஒப்பிட்டு ஆயிரத்துக்கு எத்தனை என்று சொல்வது வழக்கம். அந்த அலகைப் பெர்மில் என்பார்கள். கூட்டின் மதிப்பு ஒரு பெர்மில் ஏறினால் வெப்பநிலை சுமார் 4.3 முதல் 4.8 டிகிரி இறங்கியதாகப் பொருள். பலர் பயன்படுத்தும் ஒரு சமன்பாடு:

வெப்பநிலை = 14.9 − 4.8 × (கூட்டின் மதிப்பு − நீரின் மதிப்பு)

சமன்பாட்டைப் பார்த்ததும் சிக்கல் புரிந்திருக்கும். கூட்டை அளக்கலாம், அன்றைய நீரை எங்கே போய் அளப்பது?

புத்தளம் உப்பளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாத்தியில் கடல்நீர் காயும்போது 16 உள்ள இலேசான நீர்தான் முதலில் ஆவியாகிப் போகும். மிச்ச நீரில் உப்பு கூடுவதோடு 18-உம் கூடும். கடலுக்கும் அதே கதைதான். பனியுகத்தில் ஆவியாகிப் போன இலேசான நீர் திரும்பிக் கடலுக்கு வராமல் துருவப் பக்கத்தில் பனிக்கட்டியாகக் குவிந்துவிட்டது. மீந்த கடல் முழுவதும் கனத்துப்போனது, ஏறக்குறைய ஒரு பெர்மில். இதைத் தனியே கழிக்காமல் போனால் கடல் உண்மையைவிட நாலைந்து டிகிரி கூடுதலாகக் குளிர்ந்ததாகத் தோன்றும். செசாரே எமிலியானி 1955-இல் வெளியிட்ட புகழ்பெற்ற வளைகோடுகளில் பனியின் பங்கைக் குறைவாக வைத்து, வெப்பமண்டலக் கடல் சுமார் 6 டிகிரி ஏறி இறங்கியதாகச் சொன்னார். 1967-இல் நிக்கலஸ் ஷாக்கிள்டன் ஆழ்கடல் தரைக் கூடுகளையும் அளந்து, அந்த ஏற்ற இறக்கத்தில் பெரும்பங்கு பனியுடையதுதான் என்று காட்டினார். வளைகோடு அப்படியே நின்றது. அது எதைச் சொல்கிறது என்பது மட்டும் மாறிவிட்டது. இந்தத் துறையில் நுழைகிறவர்கள் முதலில் மனத்தில் ஏற்ற வேண்டியது இதுதான் என்பது என் எண்ணம்: கருவி தருகிற எண் வெப்பநிலை அல்ல. வெப்பநிலை, பனி, உப்பு மூன்றும் கலந்த ஒரு கூட்டுத்தொகை.

குமரி முனையில் இந்த மூன்றாவது ஆள், உப்பு, மற்ற இடங்களைவிடக் கூடுதலாகக் குறும்பு செய்யும். காரணம் நம் இடம். அரபிக்கடல் நீர் உப்பு மிகுந்தது, ஆயிரத்துக்கு 35, 36 என்று நிற்கும். வங்காள விரிகுடாவில் கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் கொட்டுவதால் மேல்நீர் உப்புக் குறைந்தது, 18-உம் குறைந்தது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் அந்த உப்புக் குறைந்த நீர் இலங்கையைச் சுற்றிக்கொண்டு மேற்கே ஓடி, நம் முனையைத் தாண்டித் தென்கிழக்கு அரபிக்கடலுக்குள் நுழைகிறது. தென்மேற்குப் பருவத்தில் ஓட்டம் எதிர்த்திசையில் திரும்பி அரபிக்கடல் நீரைக் கிழக்கே தள்ளும். அதே காலத்தில் கரையோரம் அடியிலிருந்து குளிர்நீர் மேலே வரும். சித்திரை, வைகாசியில் இதே கடலின் மேல்நீர் 30 டிகிரியைத் தொடும். நீவாடு, அதாவது நீரோட்டம், மாறுவதும் நீர் குளிர்வதும் கடலுக்குப் போகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயந்தான். கூட்டை வைத்துக் கணக்குப் போடுகிறவர் அதை மறந்துவிட்டால் உப்பின் மாற்றத்தை வெப்பத்தின் மாற்றமாகப் படித்துவிடுவார்.

இதற்கு மருந்து, நீரைச் சாராத இன்னொரு வெப்பமானியை அதே கூட்டிலேயே தேடுவது. கூடு கட்டும்போது கால்சியத்துக்குப் பதில் இங்கொன்றும் அங்கொன்றுமாக மக்னீசியம் நுழையும். நீர் சூடாக இருந்தால் கூடுதலாக நுழையும், ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 9 சதவீதம். மிதக்கும் வகைகளுக்கு 2003-இல் வந்த பொதுச் சமன்பாட்டின்படி: மக்னீசியம்/கால்சியம் விகிதத்தை (மில்லிமோல்/மோல் அலகில்) 0.38-ஆல் வகுத்து, அதன் இயல் மடக்கையை எடுத்து, 0.09-ஆல் வகுத்தால் வெப்பநிலை. கடலில் மக்னீசியமும் கால்சியமும் பத்து இலட்சம் ஆண்டுக் கணக்கில் தங்குபவை. அதனால் 20,000, 50,000 ஆண்டுகளுக்குள் நீரின் விகிதம் மாறியிருக்குமோ என்று கவலைப்பட வேண்டாம்.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். இவை கணக்குக்காக நான் வைத்த எண்கள், எந்த மண்தண்டிலும் அளந்தவை அல்ல. மேல்சேற்றுக் கூட்டில் விகிதம் 4.7, ஆக்சிஜன் −2.5. கீழே பனியுக அடுக்கில் விகிதம் 3.6, ஆக்சிஜன் −0.5. ஆக்சிஜனை மட்டும் நம்பினால் வேறுபாடு 2.0 பெர்மில், 4.8-ஆல் பெருக்கினால் 9.6 டிகிரி குளிர்ச்சி! யாரும் நம்ப மாட்டார்கள். பனிக்கு 1.0 கழித்தால் 4.8 டிகிரி. இது கேட்க நியாயமாக இருக்கிறது, ஆபத்தும் அதில்தான். இப்போது மக்னீசியம்: 4.7-க்கு 27.9 டிகிரி, 3.6-க்கு 25.0 டிகிரி. குளிர்ச்சி 2.9 மட்டுமே. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலுக்கு மக்னீசிய முறையில் பொதுவாகக் கிடைக்கும் 2, 3 டிகிரியோடு இது ஒத்துப்போகிறது. 2.9 டிகிரிக்கு ஆக்சிஜனில் 0.6 பெர்மில் போதும். பனிக்கு 1.0. மொத்தம் 1.6. மீதி 0.4 எங்கே போனது? அதுதான் உப்பு. அன்றைக்கு இங்கே நீர் இன்றைவிட உப்பாக இருந்திருக்கிறது என்று படிக்கலாம். பருவமழை குறைந்து விரிகுடாவிலிருந்து வரும் நன்னீர் சுருங்கினால் அப்படித்தான் ஆகும்.

ஆனால் அந்த 0.4-ஐப் பிடித்துக்கொண்டு மழையளவு சொல்லக் கிளம்பிவிடாதீர்கள். மக்னீசியச் சமன்பாட்டிலேயே ஒரு டிகிரிக்கு மேல் பிழை உண்டு. அது 0.2, 0.25 பெர்மிலுக்குச் சமம். ஆக்சிஜன் அளவின் பிழையும் பனிக் கழிவின் பிழையும் சேர்ந்தால் 0.4-க்குப் பக்கத்தில் சுமார் 0.3 பிழை நிற்கும். ஒரே அடுக்கில் வந்தால் அது தகவலே இல்லை. அடுத்தடுத்த பத்து அடுக்குகளில் ஒரே திசையில் வந்தால்தான் வாயைத் திறக்கலாம். உப்பாக மாற்றுவதும் எளிதல்ல. ஒரு அலகு (ஆயிரத்துக்கு ஒன்று) உப்புக்கு எத்தனை பெர்மில் என்பது அரபிக்கடலில் ஒன்று, விரிகுடாவில் இன்னொன்று. இரண்டும் கலக்கிற இடத்தில் எதை எடுப்பது? ‘உப்புக் கூடியது’, ‘குறைந்தது’ என்ற அளவில் நிறுத்துவதே நேர்மை.

மக்னீசியமும் சொக்கத் தங்கம் இல்லை. உப்பு ஒரு அலகு கூடினால் விகிதம் 3, 4 சதவீதம் ஏறும். பனியுகத்தில் கடல் முழுவதுமே ஏறக்குறைய ஒரு அலகு உப்பாக இருந்தது. ஆகவே அந்தக் காலத்துக் கூடு உண்மையைவிடச் சுமார் 0.4 டிகிரி கூடுதலாகச் சூடு காட்டும். எதிர்ப்பக்கம், காற்றில் கார்பன் டை ஆக்சைடு குறைவாக இருந்ததால் நீரின் காரத்தன்மை கூடியிருந்தது. அது விகிதத்தை இறக்கும். இரண்டும் ஓரளவு ஒன்றையொன்று ஈடுகட்டும், முழுவதும் அல்ல. இவற்றையெல்லாம் திருத்துகிற புதிய சமன்பாடுகளில் வெப்பத்தின் பங்கு டிகிரிக்கு 6 சதவீதம் என்றே வருகிறது. பழைய, புதிய இரண்டு சமன்பாடுகளிலும் போட்டுக் காட்டுங்கள். ஒன்றை மட்டும் காட்டினால் வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

‘ஏன் இத்தனை பாடு, பாசிகள் விட்டுப்போன அல்கீனோன் கொழுப்பை அளந்தால் உப்புத் தொல்லை கிடையாதே’ என்று யாராவது சொல்லக்கூடும். மிதமான கடல்களில் அருமையான முறைதான். ஆனால் அந்தக் கொழுப்பு வகைகளின் விகிதத்தைச் சொல்லும் குறியீட்டின் உச்சம் 1. வழக்கமான சமன்பாட்டில் அது 28.3 டிகிரியிலேயே முட்டிவிடும். நம் கடல் வருடத்தில் பாதி நாள் அதற்கு மேலே நிற்கிறது.

அடுத்து வேலைமேசை. பெரும்பாலான தவறுகள் நடக்கும் இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மண்தண்டை ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, குழாய்ச் சுவரில் உரசிய ஓரத்தைச் சுரண்டி எறிந்துவிட வேண்டும். குழாய் இறங்கும்போது மேல்சேற்றைக் கீழே இழுத்துக்கொண்டு போயிருக்கும். அடுப்பில் 45 முதல் 50 டிகிரிக்குள் காய வைத்து 10, 15 கிராம் நிறுத்து எடுங்கள். வாலை வடிநீரில் இரவு முழுக்க ஊறட்டும். களி கரையாமல் அடம்பிடித்தால் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் கரைசல் சேர்ப்பார்கள். அது இயல்பாகவே அமிலப் பக்கம் சாயும். அதை முதலில் லேசான காரமாக்கிக்கொள்ளாவிட்டால் மெல்லிய கூடுகள் அரித்துப்போகும். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிச் சீக்கிரம் கரைக்கிற பழக்கமும் அதே காரணத்தால் வேண்டாம்.

63 மைக்ரான் சல்லடையில் மெல்லிய தூறலாக நீர் விட்டு அலசுங்கள். தேங்காய்ப்பால் பிழிகிற மாதிரி விரலால் தேய்க்கக் கூடாது. கூடு உடைந்து 63-க்குக் கீழே போய்விடும். அடியில் தெளிந்த நீர் வரும்வரை விட்டு, கடைசியில் வாலை வடிநீரில் ஒருமுறை அலசிக் காய வையுங்கள். ஒரு மாதிரிக்கும் அடுத்த மாதிரிக்கும் நடுவில் சல்லடையை மெதிலீன் நீலக் கரைசலில் முக்கி எடுங்கள். கம்பி இடுக்கில் சிக்கிய பழைய கூடுகள் நீலமாகிவிடும். அடுத்த தட்டில் நீலக் கூடு தென்பட்டால் அது விருந்தாளி, எடுத்துப் போட்டுவிடலாம். இதைச் செய்யாமல் போனால் பனியுக அடுக்கில் நேற்றைய கூடு ஏறி உட்கார்ந்திருப்பது யாருக்கும் தெரியாது.

காய்ந்ததை 150, 250, 355 மைக்ரான் சல்லடைகளில் உலர்வாகச் சலியுங்கள். வேதி அளவுக்கு 250-க்கும் 355-க்கும் நடுவில் நிற்பவை மட்டும். அளவு ஏன் முக்கியம் என்றால், கூடு வளர வளர மக்னீசியமும் ஆக்சிஜனும் சற்று மாறும். ஓர் அடுக்கில் சின்னது, அடுத்த அடுக்கில் பெரிது என்று எடுத்தால் அந்த வித்தியாசமே பருவநிலை மாற்றம்போல் வரும். கறுப்புத் தட்டில் ஒரு சிட்டிகை பரப்பி, நுண்ணோக்கியில் பார்த்து, மூன்று சுழி (000) எண் கொண்ட மெல்லிய தூரிகையின் நுனியை லேசாக நனைத்துத் தொட்டால் கூடு ஒட்டிக்கொண்டு வரும். ஆக்சிஜனுக்கு 10 முதல் 20 கூடுகள் போதும். மக்னீசியத்துக்கு 40 முதல் 60. கழுவும்போதே கால்பங்கு, சில சமயம் அதற்கும் மேல், போய்விடும் என்பதால் கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஓரிரு கூடுகள் மட்டும் எடுத்தால் அவை வாழ்ந்த சில வாரங்களின் சூட்டைத்தான் காட்டும், நூற்றாண்டின் சராசரியை அல்ல.

மக்னீசியத்துக்கான கழுவல் தனிக் கலை. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் வைத்து மெல்ல அழுத்தி ஒவ்வோர் அறையும் திறக்கும்படி உடைக்க வேண்டும். அரிசி நொய் மாதிரி இருக்க வேண்டும், மாவாகிவிட்டால் கழுவலில் எல்லாம் போய்விடும். உடைத்ததைச் சிறு குப்பியில் போட்டு மிகத் தூய நீர் விட்டு, ஒன்றிரண்டு நிமிடம் மீயொலித் தொட்டியில் வைத்து, துண்டுகள் அடியில் இறங்கியதும் மேலே கலங்கி நிற்கும் நீரை உடனே உறிஞ்சி எடுங்கள். தாமதித்தால் களியும் இறங்கிவிடும். இப்படி நாலைந்து தடவை. பிறகு மெத்தனால் இரண்டு தடவை. நீரைவிடப் பிசுக்குக் குறைந்தது என்பதால் ஒட்டிய களியை அது பெயர்த்தெடுக்கும். மறுபடி நீர். அடுத்து, 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் கலந்த 1 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிக் கொதிநீர்த் தொட்டியில் பத்து நிமிடம். உயிர்ப்பொருள் எச்சம் எரிந்துபோகும். இங்கே பெராக்சைடு காரத்தில் இருப்பதால் கூட்டுக்குக் கெடுதல் இல்லை. கடைசியில் 0.001 மோலார் நைட்ரிக் அமிலத்தில் அரை நிமிடம் மட்டும். மேல்தோல் கழன்றதும் நீரில் அலசி, 0.075 மோலார் நைட்ரிக் அமிலத்தில் கரைத்துக் கருவிக்கு அனுப்பலாம். மாங்கனீசுப் பூச்சு இருக்குமோ என்று சந்தேகமிருந்தால் ஹைட்ரசீன் கொண்டு ஒடுக்கும் படி ஒன்று உண்டு. அது விகிதத்தையே சுமார் 10 சதவீதம் இறக்கிவிடும், அதாவது ஒரு டிகிரி. ஒரே மண்தண்டில் பாதியை இப்படியும் பாதியை அப்படியும் கழுவினால் நடுவில் ஒரு போலிப் படிக்கட்டு எழும். ஹைட்ரசீன் கடும் நச்சு, கல்லூரி ஆய்வகத்தில் அதைத் தொடவே வேண்டாம்.

கழுவியது போதுமா என்று கூடே சொல்லிவிடும். அலுமினியம், இரும்பு, மாங்கனீசு மூன்றையும் கால்சியத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரும்பு மக்னீசியத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் களி இன்னும் இருக்கிறது. மணவாளக்குறிச்சிக் கருமணலும் செம்மணலும் உள்ள கரை நம்முடையது, அதனால் இல்மனைட், கார்னெட் தூசி பற்றிப் பலர் பயப்படுவார்கள். அந்தப் பருக்கைகள் இத்தனை நீர்த்த அமிலத்தில் எளிதில் கரையாது. கரைசலைச் சுழற்றித் தெளிய வைத்தால் அடியில் தங்கிவிடும். மக்னீசியத்தை அவிழ்த்துவிடுவது செம்மண் களிதான். கருவியில் மாதிரியும் நியமமும் ஒரே கால்சியச் செறிவில் இருக்கட்டும். கால்சியம் கூடக்கூடக் கருவி விகிதத்தைத் தவறாகப் படிக்கும். ஈ.சி.ஆர்.எம். 752-1 என்ற சுண்ணாம்புக்கல் நியமம் 3.75-க்குப் பக்கத்தில் வருகிறதா என்று தினமும் பாருங்கள். ஆக்சிஜனுக்கு என்.பி.எஸ். 19, மதிப்பு −2.20. இன்னொன்று: நீரின் மதிப்பு வேறு நியமத்தில் சொல்லப்படும். மேலே தந்த சமன்பாட்டில் போடும்முன் அதில் 0.27 கழிக்க வேண்டும். மறந்தால் ஒரு டிகிரிக்கு மேல் பிசகும்.

கரைவைச் சோதிக்க ஒரு சுலப வழி. சேற்றில் இறக்கைக்கால் நத்தைகளின் கண்ணாடி போன்ற ஊசிக் கூடுகள் கிடக்கின்றனவா பாருங்கள். அவை அரகோனைட் என்ற எளிதில் கரையும் சுண்ணாம்பு. அவையே பிழைத்திருந்தால் ஃபோராம் கூடு பத்திரம். அவை இல்லாமல், ஃபோராம்களும் உடைந்த துண்டுகளாக நிறையக் கிடந்தால் எச்சரிக்கை. கரையும்போது மக்னீசியம் மிகுந்த பகுதி முதலில் போகும், கடல் குளிர்ந்ததாகத் தோன்றும்.

வயதுக்குக் கதிரியக்கக் கார்பன். மிதக்கும் கூடுகள் சில மில்லிகிராம், அதாவது பல நூறு கூடுகள், வேண்டும். டில்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையத்தில் இதற்கான வசதி இருக்கிறது. கடல்நீரின் கார்பனே சில நூறு ஆண்டு பழையது என்பதால் அந்தத் திருத்தம் செய்துதான் வயதைச் சொல்ல வேண்டும். புழுக்கள் மேல் 10 சென்டிமீட்டரைக் கிளறிக்கொண்டே இருக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும். ஆயிரம் ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் படிகிற இடத்தில் அது இரண்டாயிரம் ஆண்டுகளைக் கலக்கிவிடும். அங்கே நூறாண்டு வறட்சியைத் தேடுவது வீண். செலவில்லாத ஒரு வயதுச் சோதனையும் உண்டு. ரூபரில் இளஞ்சிவப்பு வகை ஒன்று அட்லாண்டிக்கில் இன்றும் வாழ்கிறது. இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் அது சுமார் 1,20,000 ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போனது. உங்கள் தட்டில் இளஞ்சிவப்புக் கூடு வரத் தொடங்கினால் அந்த எல்லையைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள்.

இனி உங்கள் திட்டக் கட்டுரை. ஆறு மாதத்தில் புது மண்தண்டு எடுத்து எல்லா அளவும் செய்வது நடக்காது. கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனம் போன்ற இடங்கள் தென்கிழக்கு அரபிக்கடலில் பல மண்தண்டுகள் எடுத்திருக்கின்றன. உங்கள் வழிகாட்டி மூலம் ஏற்கெனவே வயது கணித்த ஒரு மண்தண்டிலிருந்து இருபது துண்டுகள் கேளுங்கள். சலிப்பது, பொறுக்குவது, வகை பிரித்து எண்ணுவது எல்லாம் நாகர்கோவிலிலேயே செய்யலாம். 150 மைக்ரானுக்கு மேல் ஓர் அடுக்குக்கு 300 கூடுகள் எண்ணினால் போதும். புல்லாய்டிஸ் பங்கு ஏறி இறங்குவதே ஒரு நல்ல அத்தியாயம். ஆக்சிஜன் அளவை வெளி ஆய்வகத்தில் செய்துகொள்ளலாம். மக்னீசியம் வேண்டுமென்றால் ஐந்து அடுக்குகளுக்கு மட்டும், ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்து அளந்து, இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டுங்கள். ஒற்றையாக அளந்த இருபது எண்களைவிட இரட்டையாக அளந்த ஐந்து எண்களை நான் நம்புவேன்.

துண்டுகள் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். மணக்குடிக் காயலில் பொழிமுகத்துக்கு உள்ளே, நீர் வடிந்த நேரத்தில், மேல் ஒரு சென்டிமீட்டர் சேற்றை மட்டும் கரண்டியால் வழித்து எடுத்து வாருங்கள். ஒரு லிட்டர் எத்தனாலில் இரண்டு கிராம் ரோஸ் பெங்கால் கரைத்து, அதைச் சேற்றின்மேல் ஊற்றி இரண்டு வாரம் மூடி வைத்துவிட்டு 63 மைக்ரானில் அலசுங்கள். எடுத்தபோது உயிரோடு இருந்தவை உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும். உப்புக் குறைந்த நீரைத் தாங்கும் அம்மோனியா என்ற (வாயு அல்ல) ஃபோராம் வகையின் கூடுகள் அதில் இருக்க வாய்ப்பு அதிகம். மேலே சொன்ன ரூபரின் இளஞ்சிவப்பு கூட்டுச் சுவரின் சொந்த நிறம், இது சாயம் ஏறிய உயிர்ச்சதையின் நிறம், இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வெப்பநிலைக்கு இந்தக் கூடுகள் உதவாது, தூரிகை பழக உதவும். ஒரு மணி நேரத்தில் உடைக்காமல் நூறு கூடு பொறுக்க வந்ததும் கப்பல் சேற்றில் கை வைக்கலாம்.